ரஹீமுக்கு அடுத்தவர் யார்? இந்தியக் கால்பந்துப் பயிற்சியாளர்களின் வரலாறு

இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர்களில் சிறந்தவர் யார் என்ற விவாதம் கொல்கத்தா மைதானத்தின் கிளப் கூடாரங்களிலும், ஐதராபாத்தின் பழைய ஆட்டத் திடல்களிலும், மலப்புறத்துச் செவன்ஸ் ஆட்டங்களின் இடைவேளைகளிலும் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது. முதலிடத்தைப் பற்றிப் பெரிய சண்டை இல்லை. 1951, 1962 ஆகிய இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வாங்கித் தந்த சையத் அப்துல் ரஹீமுக்கே அது என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். வாக்குவாதம் சூடேறுவது இரண்டாம் இடத்தில்தான். கொல்கத்தாக்காரர் பி.கே. பானர்ஜியைச் சொல்வார். 1980களில் ஆட்டம் பார்த்தவர் மிலோவானைச் சொல்வார். 2000க்குப் பின் ரசிகரானவர்கள் பாப் ஹௌட்டனுக்கும் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனுக்கும் இடையே பிரிந்து நிற்பார்கள்.

ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் அளவுகோல் வேறு. பதக்கத்தை எண்ணுகிறவர் ஒருவர். ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதையும் உலகத் தரவரிசையையும் பார்க்கிறவர் இன்னொருவர். வளர்த்துவிட்ட வீரர்களைக் கணக்கில் எடுப்பவர் மற்றொருவர். இந்த அளவுகோல்கள் எப்படி உருவாயின என்பதை அறிய, பயிற்சியாளர்களின் வரிசையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வெறுங்கால் காலம்

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய சர்வதேசப் போட்டி 1948 லண்டன் ஒலிம்பிக். அணிக்குப் பயிற்சியாளர் வங்காளத்தைச் சேர்ந்த பலாய்தாஸ் சாட்டர்ஜி. தலைவர் நாகா மருத்துவரான டாக்டர் தாலிமெரென் ஆவ். வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலுடன் ஆடினார்கள். பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில்தான் இந்தியா தோற்றது. இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளை இந்தியா வீணடித்தது. தோற்றாலும் இந்திய வீரர்களின் திறமையை லண்டன் பார்வையாளர்கள் பாராட்டினார்கள்.

அந்நாளில் தேசிய அணிப் பயிற்சியாளர் என்பது முழுநேர வேலை அல்ல. போட்டிக்குச் சற்று முன்பு ஒருவரை நியமிப்பார்கள். போட்டி முடிந்ததும் பொறுப்பு முடிந்துவிடும். வீரர்கள் ஆண்டு முழுவதும் தத்தம் கிளப்பிலோ, ரயில்வே, காவல்துறை, ராணுவ அணிகளிலோ ஆடினார்கள். ஆகவே தேசிய அணியின் தரத்தைத் தீர்மானித்தது முகாமின் சில வாரங்களைவிட, அந்த அணிகளில் கிடைத்த தினசரிப் பயிற்சிதான். ரஹீமின் வெற்றிக்கான முதல் காரணமும் இங்கேயே இருக்கிறது.

ரஹீம்: பள்ளி ஆசிரியரின் கால்பந்து

1909இல் ஐதராபாத்தில் பிறந்த ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றவர். 1943இல் ஐதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சிப் பொறுப்பை ஏற்று, இறக்கும்வரை இருபது ஆண்டுகள் அதை விடவில்லை. அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. இன்றுவரை இந்தியக் கிளப் கால்பந்தின் பெரிய சாதனைகளில் ஒன்றாக இது பேசப்படுகிறது.

ரஹீமின் பயிற்சி முறைகளில் பள்ளி ஆசிரியரின் கை தெரியும். பந்தைத் தனியாகக் கடத்திச் செல்லக் கூடாது என்ற விதியோடு போட்டிகள் நடத்துவார். வீரர்கள் உடனே பந்தைத் தட்டிக் கொடுத்தாக வேண்டும். பலமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்று வேறு போட்டிகள் வைப்பார். இப்படி இரண்டு காலும் பழகிய, வேகமாகப் பந்தைக் கைமாற்றுகிற ஒரு தலைமுறையே ஐதராபாத்தில் உருவானது. அசீஸ், நூர் முகம்மது, லத்தீப், சுல்பிகருதீன், துளசிதாஸ் பலராம், யூசுப் கான் என்று 1950களின் தேசிய அணி முழுக்க ஐதராபாத் பெயர்கள் நிறைந்திருந்தன. தேசிய முகாம் தொடங்கும்போதே, அணியின் ஒரு பெரும்பகுதிக்கு ரஹீமின் பாடம் பழகிப்போயிருந்தது.

1950இல் அவர் தேசிய அணிப் பொறுப்புக்கு வந்தார். 1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானையும் தலா 3-0 என்று வென்று, இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வீழ்த்தி இந்தியா தங்கம் பெற்றது. சாஹு மேவாலால் அடித்த ஒற்றை கோல் அது. மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற படுதோல்வி. குளிரில் வெறுங்காலுடன் ஆடிய வீரர்களால் நிற்கவே முடியவில்லை. வெறுங்கால் ஆட்டம் சர்வதேசப் போட்டிக்கு உதவாது என்பது அதன் பிறகு தெளிவாகி, பூட்ஸ் கட்டாயமானது. ரஹீமை விவாதத்தில் குறைத்துப் பேச நினைப்பவர்கள் எடுத்துக்காட்டும் ஆட்டம் இதுதான். தோல்விக்குப் பின் ஆட்ட முறையையே அவர் மாற்றியமைத்ததை அவரது ஆதரவாளர்கள் பதிலாகச் சொல்கிறார்கள்.

மெல்போர்னும் ஜகார்த்தாவும்

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா அரையிறுதிக்குச் சென்றது. அந்த நிலையை எட்டிய முதல் ஆசிய அணி இந்தியாவே. முதல் சுற்றில் எதிரணியான ஹங்கேரி விலகிக்கொண்டது. காலிறுதியில் ஆஸ்திரேலியாவை இந்தியா 4-2 என்று வென்றது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார், நான்காவது கோல் கிட்டுவுடையது. அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோலை டிசூசாவே அடித்தார். பிறகு யூகோஸ்லாவியா 4-1 என்று முந்திக்கொண்டது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்று தோற்று இந்தியா நான்காம் இடம் பெற்றது. ஒரே ஒரு வெற்றியோடு அரையிறுதி என்று இதைச் சிறிதாக்கிப் பேசுவோர் உண்டு. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்து கோல் வாங்கிய அதே எதிரணிக்கு எதிராக இம்முறை முதலில் கோல் போட முடிந்தது என்பதே ரஹீமின் நான்கு ஆண்டு உழைப்புக்குச் சான்று.

1958 உலகக் கோப்பையில் பிரேசில் 4-2-4 அமைப்பில் ஆடிப் புகழ்பெற்றது. நான்கு தற்காப்பு வீரர்கள், இரண்டு நடுக்கள வீரர்கள், நான்கு முன்கள வீரர்கள் என்ற இந்த அமைப்பின் கூறுகளை ரஹீம் அதற்கு முன்பே இந்திய அணியில் முயன்று பார்த்திருந்தார் என்பது அவர் மீதான மதிப்புக்கு ஒரு முக்கியக் காரணம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியிடம் 1-2 என்று போராடித் தோற்றது. பிரான்சுடன் 1-1 என்று சமன் செய்தது. பெருவிடம் 1-3 என்று தோற்றது. அந்த அணியின் தலைவர் பி.கே. பானர்ஜி. இந்தியக் கால்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடியது அதுவே கடைசி.

1962 ஆகஸ்டில் ஜகார்த்தா சென்றபோது ரஹீம் நோயாளி. நுரையீரல் புற்றுநோய் அவரை அரித்துக்கொண்டிருந்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா ஒதுக்கியதை இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி கண்டித்ததால், அங்கே இந்தியர்களுக்கு எதிரான கொந்தளிப்பு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. இந்தியா தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தது.

இங்கேதான் ரஹீம் எடுத்த முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைத் தற்காப்பிலிருந்து எடுத்து முன்களத்தின் நடுவில் நிறுத்தினார். தென் வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் இந்தியா 3-2 என்று வென்றது. அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. இறுதி ஆட்டத்துக்குக் கோல்கீப்பரையும் மாற்றினார். அதுவரை ஆடிய பிரத்யுத் பர்மனுக்குப் பதில், காய்ச்சலில் படுத்திருந்து எழுந்த பீட்டர் தங்கராஜ் இறங்கினார். ராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் வளர்ந்த நெடிய உருவமுள்ள தங்கராஜ், உயரப் பந்துகளைக் கையாள்வதில் ஆசியாவிலேயே பெயர் பெற்றவர். செப்டம்பர் 4 அன்று, ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் திரண்ட மைதானத்தில், பெரும்பாலோர் எதிராகக் கூச்சலிட, இந்தியா தென் கொரியாவை 2-1 என்று வென்றது. கோல் அடித்தவர்கள் பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும். ஒன்பது மாதம் கழித்து, 1963 ஜூனில் ரஹீம் காலமானார்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வென்றதில்லை. 2024இல் வெளியான 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் அவருடைய வாழ்க்கையைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றது.

ரைட்டும் ஓர் இரண்டாம் இடமும்

ரஹீமின் மறைவுக்குப் பின் பொறுப்பேற்ற ஆங்கிலேயர் ஹாரி ரைட்டின் கீழ் இந்தியா 1964 ஆசியக் கோப்பையில் ஆடியது. இஸ்ரேலில் நான்கு நாடுகளே பங்கேற்ற அந்தப் போட்டியில் இந்தியா தென் கொரியாவை 2-0, ஹாங்காங்கை 3-1 என்று வென்று, இஸ்ரேலிடம் 0-2 என்று தோற்று இரண்டாம் இடம் பெற்றது. ஆசியக் கோப்பையில் இந்தியாவின் மிகச் சிறந்த முடிவு இன்றும் அதுவே.

ஆனாலும் சிறந்த பயிற்சியாளர் விவாதத்தில் ரைட்டின் பெயர் அரிதாகவே வருகிறது. தகுதிச்சுற்றில் மற்ற அணிகள் விலகிக்கொண்டதால் இந்தியா நேராகப் பிரதானப் போட்டிக்குச் சென்றது ஒரு காரணம். களத்தில் ஆடியவர்கள் ரஹீம் உருவாக்கிய வீரர்கள் என்பது இன்னொரு காரணம். பயிற்சியாளரின் வெற்றியில் முன்னோடியின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி முதலில் எழுந்தது இங்கேதான்.

பி.கே.யும் அமல் தத்தாவும்

1970 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஜப்பானை 1-0 என்று வென்று வெண்கலம் பெற்றது. ஜி.எம்.எச். பாஷா பொறுப்பில் இருந்த அந்த அணியின் பயிற்சியில் பி.கே. பானர்ஜியும் பங்கேற்றார். அணித்தலைவர் சையத் நயீமுதீன். அதற்குப் பின் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டிக் கால்பந்தில் பதக்கமே பெறவில்லை.

பி.கே.யின் முழுப் புகழும் கொல்கத்தாவில் கட்டப்பட்டது. ஆட்டக்காரராகப் பெரும்பாலும் ஈஸ்டர்ன் ரயில்வேயில் இருந்த அவர், 1972இல் ஈஸ்ட் பெங்கால் பயிற்சியாளரானார். 1975 ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை 5-0 என்று ஈஸ்ட் பெங்கால் தோற்கடித்தது அவர் காலத்தில்தான். அடுத்து மோகன் பகானுக்கு மாறினார். 1977 செப்டம்பரில் ஈடன் கார்டன்ஸில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் மோகன் பகான் 2-2 என்று சமன் செய்தது. அதே பருவத்தில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, ரோவர்ஸ், டூரண்ட் மூன்றையும் வென்றது. ஆட்டத்துக்கு முன் வீரர்களின் உள்ளத்தை உசுப்பிவிடும் அவரது பேச்சுக்கு வோக்கல் டானிக் என்றே பெயர் வந்தது.

அமல் தத்தா வேறு வகை. கால்பந்துப் பயிற்சியையே முழுநேரத் தொழிலாக ஏற்ற முன்னோடி. இங்கிலாந்து சென்று பயிற்சிப் படிப்பு முடித்துத் திரும்பியவர். வெளிநாட்டு ஆட்டங்களின் படச்சுருள்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் திரையிட்டுக் காட்டியவர். பி.கே. வீரரின் மனத்தை வென்றார் என்றால், தத்தா ஆட்டத்தின் அமைப்பை ஆராய்ந்தார். 1997இல் மோகன் பகானுக்கு அவர் வகுத்த டைமண்ட் அமைப்பு நாடெங்கும் பேசப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை 13 அன்று சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. 1,30,000க்கும் அதிகமானோர் கூடினார்கள். எதிர்ப்பக்கம் பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால். பாய்ச்சுங் பூட்டியாவின் மூன்று கோல்களோடு ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. பயிற்சியாளர்களின் பெயரைச் சொல்லி ரசிகர்கள் பிரிந்து நின்ற இந்தியாவின் மிகப் பெரிய ஆட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

தேசிய அணியில் இருவருக்கும் அந்த அளவு வெற்றி வாய்க்கவில்லை. தத்தா 1987இல் குறுகிய காலமே பொறுப்பில் இருந்தார். பி.கே. பலமுறை பொறுப்பேற்றார். 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரது அணி சவுதி அரேபியாவிடம் 0-1 என்று தோற்றுக் காலிறுதியோடு திரும்பியது. கிளப்பில் ஆண்டு முழுவதும் வீரர்களோடு இருக்க முடிந்தவருக்குத் தேசிய அணியில் அந்த வாய்ப்பு இல்லை என்று பி.கே. ஆதரவாளர்கள் வாதிடுவது இதனால்தான்.

மிலோவான் முதல் அக்ரமோவ் வரை

1980களின் முற்பகுதியில் பொறுப்பேற்ற யூகோஸ்லாவியரான சிரிச் மிலோவானின் பெயர், பதக்கம் எதுவும் இல்லாமலே சிறந்தவர்கள் வரிசையில் இடம்பெறுகிறது. 1984 நேரு கோப்பையில் கொல்கத்தாவில் அர்ஜென்டினாவிடம் இந்தியா ஒரே ஒரு கோலில்தான் தோற்றது. அந்த ஆண்டு இறுதியில் சிங்கப்பூரில் நடந்த ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதிச்சுற்றில் ஆடி வென்று நுழைந்தது. அங்கே ஈரானுடன் 0-0 என்று சமன் செய்தாலும் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. ஆனால் பந்தைத் தரையில் வைத்துக் குறும் பாஸ்களாகக் கொடுத்து ஆடிய அந்த அணியின் அழகை, சுதீப் சாட்டர்ஜியும் கிரிஷானு தேயும் ஆடிய நடுக்களத்தை, பார்த்தவர்கள் மறக்கவில்லை. முடிவைவிட ஆட்டத்தின் தரத்தை முன்வைக்கும் அளவுகோலுக்கு மிலோவானே முதல் எடுத்துக்காட்டு.

நயீமுதீன் இந்தியப் பயிற்சியாளர்களில் தனி இடம் உடையவர். உடல்தகுதியிலும் ஒழுங்கிலும் கண்டிப்பானவர். 1990இல் துரோணாச்சாரியார் விருது பெற்ற முதல் கால்பந்துப் பயிற்சியாளர். 1997இல் அவர் பொறுப்பில் இந்தியா தெற்காசியக் கோப்பையை வென்றது.

இடையில் 1995இல் வந்த ருஸ்தம் அக்ரமோவ் உஸ்பெகிஸ்தான் அணியின் முன்னாள் பயிற்சியாளர். பதின்வயதில் இருந்த பாய்ச்சுங் பூட்டியாவுக்குத் தேசிய அணியில் முதல் வாய்ப்புக் கொடுத்தவர் இவர். 1996 பிப்ரவரியில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 94ஆம் இடத்தைத் தொட்டது. அதைத் தாண்டி இந்தியா முன்னேறியதே இல்லை. தரவரிசையை அளவுகோலாக வைப்பவர்கள் மறந்துவிடுகிற பெயர் அக்ரமோவ்.

ஜே.சி.டி. மில்ஸ் அணிக்கு முதல் தேசிய லீக் பட்டத்தை வாங்கித் தந்த சுக்விந்தர் சிங்கும் அப்படியே. 2002 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், 2001 ஏப்ரலில் பெங்களூரில் ஐக்கிய அரபு அமீரகத்தை 1-0 என்று வென்ற அவரது அணி, முடிவில் 11 புள்ளிகள் பெற்றது. அமீரகத்துக்கு 12. ஒரே ஒரு புள்ளியில் அடுத்த சுற்று கைநழுவியது. கோப்பையும் இல்லை, பதக்கமும் இல்லை என்பதால் இந்த முயற்சி விவாதங்களில் உரிய இடம் பெறுவதில்லை.

ஹௌட்டன்

2006இல் பொறுப்பேற்ற பாப் ஹௌட்டன், 1979இல் ஸ்வீடனின் மால்மோ அணியை ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம்வரை கொண்டுசென்ற ஆங்கிலேயர். அவர் பொறுப்பில் இந்தியா 2007இலும் 2009இலும் நேரு கோப்பையை வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் எதிரணி சிரியா. 2008 ஆகஸ்டில் டெல்லியில் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரி மூன்று கோல் அடிக்க, தஜிகிஸ்தானை 4-1 என்று வென்று இந்தியா 2011 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 27 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த வாய்ப்பு அது.

தோஹாவில் ஆஸ்திரேலியாவிடம் 0-4, பஹ்ரைனிடம் 2-5, தென் கொரியாவிடம் 1-4 என்று மூன்று ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. பின்னாலிருந்து நீளப் பந்துகளை முன்னே அனுப்பும் ஹௌட்டனின் முறை இந்திய வீரர்களின் இயல்புக்கு ஒவ்வாது என்பது அவர் மீதான முக்கியக் குறை. அவரது தரப்பினர் இரண்டு விஷயங்களைச் சுட்டுகிறார்கள். முதலாவது, தேசிய அணிக்கு நீண்ட முகாம் தேவை என்பதைக் கூட்டமைப்பை ஏற்கச் செய்தவர் அவர். இரண்டாவது, இளம் வீரர்கள் லீக்கில் தனி அணியாக ஆட வேண்டும் என்ற அவரது யோசனையிலிருந்து 2010இல் பிறந்ததுதான் பின்னாளில் இந்தியன் ஏரோஸ் எனப்பட்ட அணி. ஜேஜே லால்பெக்லுவா, பிரீதம் கோட்டால் போன்றவர்கள் அதில் ஆடி வளர்ந்தவர்கள்.

கான்ஸ்டன்டைன்

ஸ்டீபன் கான்ஸ்டன்டைன் இரண்டு முறை இந்தியப் பயிற்சியாளராக இருந்தவர். முதல் முறை, 2002இல் வியட்நாமில் எல்.ஜி. கோப்பையை வென்றார், 2003 ஐதராபாத் ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளி பெற்றார். 2015 ஜனவரியில் மீண்டும் வந்தபோது அணி மோசமான நிலையில் இருந்தது. அந்த ஆண்டு மார்ச்சில் ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 173ஆம் இடத்துக்குச் சரிந்தது. 2017 ஜூலையில் அதே அணி 96ஆம் இடத்தில் இருந்தது.

புதிய வீரர்களுக்கு அவர் தயங்காமல் வாய்ப்புத் தந்தார். விளையாட்டு அறிவியல் நிபுணரை அணியோடு இணைத்து, வீரர்களின் ஓட்டத்தையும் உணவையும் உறக்கத்தையும் கணக்கிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் ஆசியக் கோப்பை முதல் ஆட்டத்தில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றது. 1964க்குப் பின் அந்தக் கோப்பையில் இந்தியாவின் முதல் வெற்றி அது. அமீரகத்திடம் 0-2 என்று தோற்றபின், பஹ்ரைனுக்கு எதிராகச் சமன் செய்திருந்தாலே போதும் என்ற நிலை. தொண்ணூறு நிமிடமும் தாக்குப்பிடித்த அணி, கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியில் 0-1 என்று தோற்று வெளியேறியது. அன்றே கான்ஸ்டன்டைன் பதவி விலகினார்.

பலவீனமான அணிகளோடு நட்புறவு ஆட்டங்கள் ஆடியதால்தான் தரவரிசை ஏறியது, தற்காப்பை மட்டுமே நம்பினார் என்பவை அவரது எதிர்ப்பாளர்களின் வாதங்கள். நட்புறவு ஆட்டங்களே கிடைக்காமல் தரவரிசையில் சரிந்து கிடந்த அணிக்கு, அந்த ஏற்றம் தகுதிச்சுற்றில் எளிய பிரிவைப் பெற உதவும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. முடிவில் 2019 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றதும் தாய்லாந்து ஆட்டமும் அவர் பக்கமே தராசைச் சாய்க்கின்றன.

ஸ்டிமாச்சும் மார்கெஸும்

1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பெற்ற குரோஷிய அணியின் தற்காப்பு வீரரான இகோர் ஸ்டிமாச் 2019இல் வந்தார். பந்தைத் தம் வசம் வைத்திருந்து ஆடும் முறையைக் கற்பிப்பேன் என்றார். 2019 செப்டம்பரில் தோஹாவில் ஆசிய சாம்பியனான கத்தாருடன் 0-0 என்று சமன் செய்தது அந்த நம்பிக்கையை வளர்த்தது. 2023இல் மூன்று கோப்பைகளை வென்று, தரவரிசையில் 99ஆம் இடத்துக்கு அணி வந்தது.

வீழ்ச்சியும் வேகமாக வந்தது. 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வீரர்களை அனுப்புவதில் கிளப்புகளுடன் இழுபறி. அணி போய்ச் சேர்ந்த மறுநாளே சீனாவிடம் 1-5 தோல்வி. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று தோல்விகள், ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றிலிருந்து இந்தியா வெளியேறியதும் ஸ்டிமாச் நீக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஸ்பானியர் மனோலோ மார்கெஸ், எஃப்.சி. கோவா அணியையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டு தேசிய அணியை நடத்தினார். எட்டு ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியோடு 2025 ஜூலையில் விலகினார். அடுத்த மாதம் காலித் ஜமீல் நியமிக்கப்பட, பத்தாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வந்தார்.

எந்த அளவுகோல்?

ஒவ்வோர் அளவுகோலும் வெவ்வேறு பெயரை முன்னே நிறுத்துகிறது. பதக்கம் என்றால் ரஹீம்; அவருக்குப் பின் 1970 வெண்கலத்தோடு பாஷாவும் பி.கே.யும். ஆசியக் கோப்பையின் முடிவு என்றால் ரைட். ஆட்டத்தின் அழகு என்றால் மிலோவான். தரவரிசை என்றால் அக்ரமோவ். பாழ்பட்டிருந்த அணியைத் தூக்கி நிறுத்தியது என்றால் கான்ஸ்டன்டைன். தனக்குப் பின்னும் பயன் தரும் ஏற்பாட்டை விட்டுச் சென்றது என்றால் ஹௌட்டன்.

காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1951இலும் 1962இலும் ஆசியாவில் கால்பந்தை முறையாக வளர்த்த நாடுகள் சில. ஜப்பான் 1993இல் தன் தொழில்முறை லீக்கைத் தொடங்கியது. தென் கொரியாவும் வளைகுடா நாடுகளும் பெரும் பொருட்செலவில் அடித்தளம் அமைத்தன. இந்தியாவில் தேசிய லீக் 1996இல்தான் தொடங்கியது. பிற்காலப் பயிற்சியாளர்கள் எதிர்கொண்ட ஆசியா, ரஹீம் எதிர்கொண்ட ஆசியா அல்ல. இதைக் கருதாமல் பதக்கத்தை மட்டும் எண்ணுவது ஹௌட்டனுக்கும் கான்ஸ்டன்டைனுக்கும் நியாயம் செய்யாது.

ஆனால் எல்லாக் காலத்துக்கும் பொதுவான ஒன்று இந்த வரலாற்றில் தெரிகிறது. வீரர்களோடு நீண்ட நாள் இருக்க முடிந்த பயிற்சியாளர்களே ஏதேனும் சாதித்திருக்கிறார்கள். ரஹீமுக்கு ஐதராபாத் காவல்துறை அணியில் இருபது ஆண்டுகள் கிடைத்தன. பி.கே. உச்சத்தைத் தொட்டது, அன்றாடம் வீரர்களைப் பார்த்த கிளப்புகளில். ஹௌட்டனுக்கு நீண்ட முகாம்கள் அமைந்தன. கான்ஸ்டன்டைனுக்குத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள். விமானத்தில் இறங்கிய மறுநாளே ஆட வைத்த ஹாங்சோவிலும், பயிற்சியாளர் பாதி நேரம் கிளப்பிலிருந்த 2024-25இலும் நேர்ந்தது இதன் மறுபக்கம்.

ஆகவே, பயிற்சியாளரின் திறமையை எடைபோடும்போது கூட்டமைப்பும் கிளப்புகளும் அவருக்கு எவ்வளவு காலம் கொடுத்தன என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ரஹீமின் முதலிடம் அசையாது. கிடைத்த இருபது ஆண்டுகளில் அவர் இரண்டு தங்கங்களோடு, ரோமிலும் ஜகார்த்தாவிலும் களமிறங்கிய ஒரு தலைமுறை வீரர்களையும் உருவாக்கினார். இரண்டாம் இடத்துக்கு, தான் பெற்ற அணியைவிட நல்ல அணியை விட்டுச் சென்றவர் யார் என்ற கேள்வியே நியாயமான அளவுகோல். அந்தக் கணக்கில் கான்ஸ்டன்டைனும் ஹௌட்டனும் முன்னணியில் நிற்கிறார்கள். கிளப் கால்பந்தையும் சேர்த்தால் பி.கே. பானர்ஜி அவர்களுக்குச் சமமாக வருகிறார்.